பம்பாயில் காட்டுப்பூச்சி ஆய்வு: நெடிய பணியும் குறுகிய பதவியும்

காட்டில் வாழும் பூச்சிகள் எந்த மரத்தை உண்கின்றன, எந்தப் பருவத்தில் பெருகுகின்றன, எந்த எதிரிகளால் குறைகின்றன என்பவற்றை அவை வாழும் இடத்திலேயே ஆராயும் துறை காட்டுப்பூச்சிச் சூழலியல் எனப்படும். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் இத்துறையில் தொடர விரும்பினால், நிலையான வேலை அமையும்வரை அவருக்குப் பெரும்பாலும் வாய்ப்பது முதுமுனைவர் ஆய்வாளர் என்னும் தற்காலிகப் பதவியே. இந்திய நடுவண் அரசின் தேசிய முதுமுனைவர் ஆய்வு உதவித்தொகையும் இரண்டு ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. ஆனால் பம்பாயில் இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்கள் பூச்சிகளைக் கவனிப்பதற்கென்று எந்தப் பதவியையும் பெற்றவர்கள் அல்லர். வேறு அலுவலில் இருந்துகொண்டே அவர்கள் ஒரே காட்டுக்குப் பல ஆண்டுகளைக் கொடுத்தார்கள்.

1883 செப்டம்பர் 15 அன்று பைகுல்லாவில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எட்டுப் பேர் கூடிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கினர். அவர்களுள் ஆத்மாராம் பாண்டுரங், சக்காராம் அர்ஜுன் என்னும் இரு இந்திய மருத்துவர்களும், சுங்க உப்புத் துறை அலுவலரான ஈ. எச். எய்ட்கினும் இருந்தனர். கழகத்தின் ஆய்விதழ் 1886-இல் வெளிவரத் தொடங்கியது. அக்காலத்தில் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்திருந்த வட கன்னட மாவட்டத்தின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி, ஆட்சியர் ஜேம்ஸ் டேவிட்சன், வனத்துறை அலுவலர் டி. ஆர். பெல், எய்ட்கின் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைத் தொடர் 1890களில் அவ்விதழில் வெளியாயிற்று. இறக்கையின் நிறத்தைக் கொண்டு பூச்சிக்குப் பெயரிடுவதோடு பலர் நின்றுவிட்ட காலத்தில், அவர்கள் புழுக்களை வளர்த்து, எது எந்த இலையைத் தின்கிறது, அதன் கூட்டுப்புழு எவ்வடிவில் இருக்கிறது என்று பதிவு செய்தனர். சூழலியல் என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே அப்பணியின் சாரம் அங்கே இருந்தது. சமவெளி வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிப் பெல் தனியே எழுதிய தொடர் 1909 முதல் 1927 வரை நீண்டது.

இதற்கிடையே 1906-இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டதால், பூச்சி ஆய்வு அரசின் ஊதியம் பெறும் முழுநேரப் பணியாயிற்று. அங்கே நெடுங்காலம் வனப் பூச்சியியலாளராக இருந்த சி. எஃப். சி. பீசன், 1941-இல் இந்தியக் காட்டுப்பூச்சிகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். தேக்குத் தோட்டங்களின் ஊடே இயற்கைத் தாவரங்களை விட்டுவைத்தால், புழுக்களைத் தாக்கி வாழும் ஒட்டுண்ணிப் பூச்சிகள் அங்கே தங்கும் என்பது அவர் பரிந்துரைத்த வழி. ஓரிரு பருவங்களை மட்டும் கண்டவர் இப்படிப்பட்ட பரிந்துரையைத் துணிந்து சொல்லியிருக்க இயலாது.

இன்று மும்பை எனப்படும் பம்பாய்க்கு இவ்வரலாறு நெருங்கிவருவது ஹைப்ளியா பியூரா என்னும் அந்துப்பூச்சியின் வழியாக. தேக்கு இலையுண்ணி என்று அறியப்படும் இதன் புழு, இளந்தளிரின் விளிம்பை மடித்து நூலால் தைத்து, அந்த மடிப்புக்குள் ஒளிந்திருந்து, நடுநரம்பையும் பெருநரம்புகளையும் விட்டு மற்றதையெல்லாம் தின்னும். வளர்ந்தபின் பட்டுநூலில் தொங்கி இறங்கிச் சருகுக்கிடையே கூட்டுப்புழுவாகும். கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் நிலம்பூரில் ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தபோது, இப்புழுவின் தாக்குதலால் இளந்தேக்குகள் அடைந்திருக்க வேண்டிய மர வளர்ச்சியில் 44 விழுக்காடு இழப்பாவது தெரிந்தது. புழுக்களைக் கொல்லும் ஒரு வைரஸும் அங்கேதான் கண்டறியப்பட்டது. பீசன் நாடிய இயற்கைவழிக் கட்டுப்பாட்டின் அடுத்த படி என்றே அதனைக் கருத வேண்டும்.

இதே பூச்சி மும்பையின் உப்பங்கழிகளில் வெண்கண்டல் மரத்தையும் உண்கிறது. மராட்டியில் தீவர் எனப்படும் இம்மரம், வேரில் காற்றுக்குழல்கள் நீட்டி உவர்ச்சேற்றில் நிற்கும் அலையாத்தி வகையைச் சேர்ந்தது; தாராவியை ஒட்டி மித்தி ஆறு மாகிம் கழியில் கலக்கும் இடத்திலும், செம்பூருக்குக் கிழக்கே தாணே கழியோரத்திலும் அது நிறைந்திருக்கிறது. மழைக்காலம் முடியும் தறுவாயில் புழு பெருகும் ஆண்டுகளில் பச்சைத்தோப்பு முழுவதும் பழுப்பேறி, மரங்கள் பட்டுவிட்டனவோ என்று பார்ப்பவர் அஞ்சுவர். சில வாரங்களில் அவை மீண்டும் தளிர்க்கின்றன. அந்நேரத்தில் மருந்து தெளிப்பது புழுவோடு அதன் எதிரிகளையும், கழியின் மீன்களையும் நண்டுகளையும் சேர்த்தே தாக்கும் என்பதால், பொறுத்திருப்பதே அறிவுடைமை.

எனினும் பொறுத்திருப்பதற்கும் கவனியாதிருப்பதற்கும் வேறுபாடு உண்டு. அலையாத்திக் காடுகளை அழிப்பதற்கு 2005-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அவற்றைக் காக்க 2012-இல் மராட்டிய வனத்துறை தனிப்பிரிவு அமைத்தது. 2015-இல் தாணே கழி பூநாரைச் சரணாலயமாயிற்று. மரத்துக்கும் பறவைக்கும் இவ்வாறு காவல் கிடைத்தபின், நெடுநாள் கணக்குக்காகக் காத்திருப்பது பூச்சிதான். மாநகர எல்லைக்குள்ளேயே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் தேக்கு நிற்கிறது. அப்பூங்காவிலிருந்து கிளம்பும் அந்துப்பூச்சிகள்தாம் கழிக்கு வருகின்றனவா, அன்றி இரண்டும் வெவ்வேறு கூட்டங்களா என்பதை அறிய, இரு இடங்களிலும் ஒரே வகை விளக்குப்பொறிகளை வாரந்தோறும் வைத்து, பெருக்கம் இல்லாத ஆண்டுகளையும் விடாமல் எண்ண வேண்டும். இரண்டாண்டுப் பதவிக்கு வரும் இளம் ஆய்வாளர் எவ்வளவு திறமையுடையவராயினும் அவர் காண்பது இரண்டு பருவமழைகளைத்தான். அவற்றுள் ஒன்றில் புழுவே பெருகாமல் போனால் அவர் கையில் எஞ்சுவது ஒற்றைப் பருவத்தின் கணக்கு. ஆகையால் பொறிகளும் பதிவேடும் ஆய்வாளரோடு வந்துபோகாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் போன்றதோர் அமைப்பின் பொறுப்பில் நிலையாக இருப்பதும், அடுத்து வருபவர் முந்தையவரின் எண்ணிக்கையைத் தொடர்ந்து எழுதுவதும் முதலில் நடக்க வேண்டியவை.