இடம் வலமாகிய கடல்

படத்தில் ஒரு முகம்கூட இல்லை. இடுப்பளவுக் கடல் நீரில் வரிசையாக நிற்கும் பெண்களின் முதுகுகள், கோத்த கைகள், கம்பில் கட்டிய கருப்புக் கொடி ஒன்று, தூரத்தில் இரண்டு குவிமாடங்கள். பின்பக்கம் தேதியோ பெயரோ கிடையாது. சாத்தான்குளம் பஜாரில் கடையைக் கட்டிய ஒரு ஸ்டுடியோவின் அட்டைப்பெட்டியில், பாஸ்போர்ட் படங்களுக்கும் கல்யாண ஆல்பத்தின் மிச்சங்களுக்கும் நடுவே கிடந்தது. ஸ்டுடியோக்காரரிடம் கேட்டேன். "அது மணப்பாட்டுப் படம்லா அண்ணாச்சி" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதில் ஆச்சரியமில்லை. சாத்தான்குளத்தை ஒட்டி ஓடும் கருமேனியாறு மணப்பாட்டில்தான் கடலில் விழுகிறது. எங்கள் பக்கத்துக்கு மீன் வருவதும் அந்தக் கரையிலிருந்துதான். 2012 செப்டம்பர் 10 அன்று, கூடங்குளம் அணு உலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது நடந்த தடியடிக்கு எதிராக மணப்பாட்டில் மக்கள் திரண்டபோது போலீஸ் சுட்டதில் ஒரு மீனவர் இறந்தார். அந்த மாதத்துப் படம் எதுவானாலும் இங்குள்ளவர்கள் மணப்பாட்டோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ஆனால் படத்தில் குவிமாடங்களாகத் தெரிபவை கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகள். மணப்பாட்டுக் கடலில் நின்றால் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அவை இப்படித் தெரியாது.

அப்படியானால் எந்தக் கரை? படத்தில் குவிமாடங்களுக்கு வலது கைப்பக்கம் கடல், இடது கைப்பக்கம் நிலம். அந்தக் கடற்கரையில் கடல் தெற்கே இருக்கிறது. கடல் வலப்பக்கம் வரவேண்டுமானால் கேமரா கிழக்கு நோக்கியிருக்க வேண்டும். அதாவது உலைக்கு மேற்கே, பெருமணல் பக்கத்தில் எடுத்த படம். போராட்டத்தின் தலைமையிடமான இடிந்தகரையோ உலைக்குக் கிழக்கே இருக்கிறது. பெருமணலில் இவ்வளவு பெரிய கூட்டம் நின்றதா என்று விசாரிக்கக் கிளம்புவதற்கு முன், பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சேலைகளைப் பார்த்தேன். நம் பெண்கள் முந்தானையை இடது தோளில்தான் போடுவார்கள். முதுகுப்புறமிருந்து பார்த்தால் அது நம் இடப்பக்கமே தொங்க வேண்டும். இந்த வரிசையில் ஒருத்தி தவறாமல் எல்லோருக்கும் வலப்பக்கம் தொங்கியது.

படத்தை யாரோ இடம் வலமாகத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள். கொடியும் அதையே சொன்னது. அதன் துணி குவிமாடங்களை விட்டு விலகி, நம்மை நோக்கிப் பறக்கிறது. செப்டம்பரில் அங்கே அடிப்பது மேற்கிலிருந்து வரும் கச்சான். கேமரா கிழக்கு பார்த்திருந்தால் கொடி எதிர்ப்பக்கம் பறந்திருக்க வேண்டும். ஆகவே பார்வை மேற்கு நோக்கியது, கரை இடிந்தகரை.

திருப்பியது யார்? பக்கம் வடிவமைத்தவரோ ஃபிளக்ஸ் அடித்தவரோ இருக்கலாம். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, அழகுக்காகச் செய்வது. இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் 1970 மே 4 அன்று, வியட்நாம் போரைக் கம்போடியாவுக்கு விரித்ததை எதிர்த்த கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள் மீது தேசியக் காவல் படை 13 விநாடிகளில் 67 தோட்டாக்களைச் சுட்டது. நால்வர் இறந்தனர். இறந்தவர் ஒருவரின் அருகே மண்டியிட்டு அலறும் 14 வயதுச் சிறுமியை ஜான் ஃபிலோ என்ற மாணவர் எடுத்த படம் 1971இல் புலிட்சர் பரிசு பெற்றது. அசல் படத்தில் அந்தச் சிறுமியின் தலைக்குப் பின்னால் ஒரு வேலிக் கம்பம் முளைத்து நிற்கும். 1995இல் 'லைஃப்' இதழில் வந்த படத்தில் கம்பத்தைக் காணோம். எழுபதுகளின் தொடக்கத்திலேயே ஏதோ ஒரு கை அதை அழித்திருக்கிறது. அழிக்கப்பட்ட பிரதியே பல ஆண்டுகள் பல இதழ்களில் உலா வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்தது தேதி. 2012 செப்டம்பர் 9 அன்று மக்கள் கடற்கரை வழியாக உலையை நோக்கி நடந்து, இரவு மணலிலேயே தங்கினார்கள். மறுநாள் கண்ணீர்ப்புகை, தடியடி. பலர் கடலுக்குள் ஓடினார்கள். அன்றைய பத்திரிகைப் படங்களில் ஹெல்மெட்டுகளும் புகையும் சிதறி ஓடும் ஆட்களும் இருக்கும், வரிசை இருக்காது. அக்டோபர் 8 முற்றுகை படகுகளில் நடந்தது. கைகோத்துக் கடலில் நின்ற நீர்ச் சத்தியாக்கிரகம் செப்டம்பர் 13. மத்தியப் பிரதேசத்தில் ஓங்காரேஸ்வர் அணையால் நிலமிழந்தவர்கள் நர்மதை நீரில் 17 நாட்கள் நின்று, செப்டம்பர் 10 அன்றுதான் கரையேறியிருந்தார்கள். வடிவம் அங்கிருந்து வந்தது. ஆனால் அலையடிக்கும் கடலில் தனியாக அசையாமல் நிற்க முடியாது. கை கோப்பது ஒற்றுமையின் சின்னம் என்று எழுதுகிறோம். இங்கே அது கீழே விழாமலிருக்கச் செய்த ஏற்பாடும்கூட. நீர்மட்டம் இடுப்பளவுதான், ரவிக்கைகளோ தோள்வரை நனைந்திருக்கின்றன. படத்துக்காக ஒரு நிமிடம் இறங்கியவர்கள் இப்படி நனைய மாட்டார்கள். நம்மைப் பார்த்த குவிமாடப் பக்கம், அதாவது கிழக்குப் பக்கம், வெயிலில் வெளுத்திருக்கிறது. ஆகவே உச்சிப்பொழுதுக்கு முன்பு.

எடுத்தவர் எங்கே நின்றார் என்பதைத் தொடுவானமே காட்டிக்கொடுத்தது. சமதளமான கடலில், கேமராவின் உயரம் எதுவோ அதே உயரத்தில்தான் தொடுவானக் கோடு எல்லா ஆட்களையும் வெட்டும். கரைப் பாறை மீதிருந்து எடுத்திருந்தால் கோடு தலைகளுக்கு மேலே போயிருக்கும். இதில் அது அத்தனை பேரின் தோளையும் தொட்டுச் செல்கிறது. எடுத்தவரும் அதே ஆழத்தில், நனைந்துகொண்டு நின்றிருக்கிறார். பத்திரிகைக்கு எடுப்பவர் வரிசைக்கு முன்னால் போய் முகங்களைப் பிடிப்பார். இவர் பின்னால் நின்றது பழக்கமில்லாததால் அல்ல, தெரிந்தே என்று நினைக்கிறேன்.

காரணம் காவல் நிலையத்தில் இருக்கிறது. இந்தப் படம் என் தொகுப்பில் இருப்பதற்கான காரணமும் அங்கேதான். நான் தொகுப்பது போர் எதிர்ப்புப் படங்கள். அணு உலைப் படத்துக்கு அதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். ஹிரோஷிமாவையும் ஃபுகுஷிமாவையும் ஒரே மூச்சில் பேசிய போராட்டம் இது என்பது ஒரு பதில். அதைவிட நேரான பதிலை அரசே தந்தது. கூடங்குளம் காவல் நிலைய வழக்குகளில் தேசத்துரோகப் பிரிவான 124ஏ மட்டுமல்ல, இந்திய அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல் என்ற 121ஆம் பிரிவும் இருந்தது. இவ்விரு குற்றச்சாட்டுகளும் 6,800 பேர் மீது என்று 2012இல் ஓர் உண்மையறியும் அறிக்கை கணக்கிட்டது. சில பெயர்களை எழுதி, மீதியை 'மற்றும் பலர்' என்று விட்ட முதல் தகவல் அறிக்கைகள் அவை. எந்த முகத்தையும் பிற்பாடு அந்த வெற்றிடத்தில் செருகலாம். முதுகை மட்டும் காட்டும் படத்தால் யாரையும் அடையாளம் காட்ட முடியாது. போர் தொடுத்தவர்கள் கையில் என்ன வைத்திருந்தார்கள் என்பதை மட்டும் அது காட்டும்: பக்கத்துப் பெண்ணின் கை. 2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உலையை அனுமதித்தது. குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறும் அதே தீர்ப்பில் கூறியது.

படத்தின் விளிம்பில், அச்சில் பாதி வெட்டுப்பட்டு, ஒரு முழங்கையும் அதன் நுனியில் கருப்பு லென்ஸும் தெரிகின்றன. அந்த லென்ஸைப் பிடித்திருப்பவர் வரிசைக்கு முன்னால் நின்று, நம் பக்கம் திரும்பிப் படமெடுக்கிறார். ஆக, இதே நொடியின் முகங்கள் வேறொரு சட்டகத்தில் இருக்கின்றன. அதில் பின்வரிசையில் இந்தப் படத்தை எடுத்தவரும் இருப்பார். அந்த வாரத்துச் செய்தி நிறுவனப் படங்களில், கிழக்கே பார்க்கும் கோணத்தில் எடுத்தவற்றை இப்போது தனியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.