டெரிஞ்சரும் அவர் பெயரும்

வணங்கும் கைகளுக்குள்ளும் கொலைக்கருவி மறைந்திருக்கக்கூடும் என எச்சரித்தார் வள்ளுவர். வாளை வெளிப்படத் தாங்கி வருபவனைக் கண்டு விலகி நடக்கலாம். மறைத்து ஏந்தியவனிடமிருந்து தப்புதல் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐக்கிய அமெரிக்காவில் இப்பழைய அச்சம் ஒரு புதிய உருவம் பெற்றது. உள்ளங்கைக்குள் அடங்கும் அவ்வுருவைச் சமைத்தவர் ஹென்றி டெரிஞ்சர் என்னும் துப்பாக்கிக் கம்மியர்.

1786ஆம் ஆண்டு பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரிற் பிறந்த டெரிஞ்சர், தந்தையின் தொழிலையே தாமும் மேற்கொண்டு பிலடெல்பியாவிற் பட்டறை அமைத்தார். படைக்கு வேண்டிய நெடுந் துப்பாக்கிகளையும், மேற்கே குடிபெயர்க்கப்பட்ட பூர்வகுடிகளுக்கு அரசு வழங்கிய துப்பாக்கிகளையும் அவர் செய்தளித்தார். எனினும் அவர் பெயரை நாடெங்கும் பரப்பியவை அவையல்ல. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத்தக்க சிறு கைத்துப்பாக்கிகளே.

அக்காலத்தில் தற்காப்புக்குக் கருவி தேடியவன் முன் இருவகைத் தெரிவுகள் இருந்தன. சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கி, மீண்டும் மருந்திடாமலே பலமுறை சுடவல்லது. ஆனால் அவருடைய 1851ஆம் ஆண்டின் கடற்படை மாதிரி இரண்டரை இறாத்தலுக்கு மேல் நிறையுடையது. இடைவாரில் தொங்கவிடத் தக்கதேயன்றி மறைக்கத் தக்கதன்று. டெரிஞ்சரின் கருவியோ ஒருமுறை மட்டுமே சுடும். குழலின் வாய்வழியே மருந்தையும் ஈயக்குண்டையும் இட்டு இறுக்கி, தட்டினால் தீப்பற்றும் சிறு செப்புமூடி ஒன்றைப் பொருத்த வேண்டும். அம்மூடி ஈரம்பட்டால் கருவி பயன்படாது. குறுங்குழல் ஆதலால் சில அடி தூரத்துக்கு அப்பால் குறி நிலையாது. இக்குறையை ஈடுசெய்யவே மக்கள் அதனை இரண்டிரண்டாக வாங்கினர். இரண்டாம் வெடியைத் துறந்து மறைவை வாங்கியதே அவர்கள் செய்த வாணிபம். 1849இல் பொன் தேடிக் கலிபோர்ணியாவுக்கு மக்கள் பெருந்திரளாகச் சென்றபோது இக்கருவிக்குக் கிராக்கி பெருகியது.

மறைத்தேந்தும் இவ்வழக்கத்தைச் சட்டம் முன்னரே ஐயத்துடன் நோக்கியிருந்தது. கென்டக்கி மாநிலம் 1813இல் அதனைத் தடைசெய்தது. படைக்கலம் தாங்கும் உரிமைக்கு முரணானது என்று 1822இல் அம்மாநில நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. பின்னர் 1850ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, மறைத்தேந்துவதைத் தடுக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்கு வெளிப்படையாகவே வழங்கியது. அலபாமா நீதிமன்றமோ 1840இல் இத்தகைய தடையை ஏற்றுக்கொண்டது. வெளிப்படத் தாங்குவது தற்காப்பு, மறைத்துத் தாங்குவது வஞ்சகம் என்பதே அக்காலத்துப் பலரின் துணிபு.

அத்துணிபுக்குக் கொடிய சான்று 1865ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் கிடைத்தது. தென்மாநிலத் தளபதி லீ சரணடைந்து ஐந்து நாட்களே சென்றிருந்தன. வாஷிங்டன் நகரின் ஃபோர்ட் நாடக அரங்கில் சனாதிபதி ஆபிரகாம் லிங்கன் ஒரு நகைச்சுவை நாடகத்தைக் கண்டுகொண்டிருந்தார். ஜோன் வில்க்ஸ் பூத் என்னும் நடிகன், அவையோர் சிரித்த வேளையில், அவருக்குப் பின்னே நின்று தலையிற் சுட்டான். அவன் கையிலிருந்தது டெரிஞ்சரின் கைத்துப்பாக்கி. நீளம் ஏறக்குறைய ஆறு அங்குலம், நிறை அரை இறாத்தல். ஒரே குண்டு தீர்ந்ததும் அதனை எறிந்துவிட்டு, தன்னைப் பற்ற வந்த மேஜர் ராத்போனைக் கத்தியாற் குத்தி, மேடையிற் குதித்து ஓடினான். மறுநாட் காலை லிங்கன் உயிர் நீத்தார்.

அதே 1865ஆம் ஆண்டில் டெரிஞ்சரின் பெயர் வேறோர் அரங்கிலும் ஒலித்தது. தமது சிறு கைத்துப்பாக்கிக்கு அவர் காப்புரிமை பெற்றிருக்கவில்லை. ஆதலால் அதன் வடிவத்தை எவரும் பின்பற்றலாம். ஆயினும் போலிகள் வடிவத்தோடு நின்றார்களில்லை. அவர் முத்திரையையும் பொறித்தனர். சிலர், டெரிஞ்சர் என்னும் பெயருடைய ஒரு தையற்காரரைத் தேடிப் பிடித்து, அவர் பெயரின் நிழலில் துப்பாக்கி செய்தனர். சான் பிரான்சிஸ்கோ வணிகர் ஒருவர்மீது டெரிஞ்சர் தொடுத்த வழக்கில், முத்திரையைப் பதிவுசெய்யாதிருந்தும் அது அவருக்கே உரியது எனக் கலிபோர்ணிய உயர் நீதிமன்றம் தீர்த்தது. வணிகக்குறி பற்றிய சட்ட வரலாற்றில் அத்தீர்ப்புக்குத் தனி இடமுண்டு.

வழக்கில் வென்ற டெரிஞ்சர் 1868இல் மறைந்தார். ஆனால் நீதிமன்றம் காத்துக் கொடுத்த பெயரை மக்கள் நா காத்துக் கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் அவர் பெயருக்கு நடுவே ஓர் எழுத்து மிகையாகச் சேர்க்கப்பட்டு, யார் செய்த சிறு கைத்துப்பாக்கிக்கும் அது பொதுப்பெயராயிற்று. 1866 முதல் 1935 வரை றெமிங்டன் நிறுவனம் செய்த இரட்டைக்குழற் கருவியும் அப்பெயராலேயே வழங்கியது.

பூத் எறிந்த கைத்துப்பாக்கி ஃபோர்ட் அரங்கின் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டுள்ளது. தற்காப்புக்கென்று மறைவை விலைக்கு வாங்கியவர் ஆயிரமாயிரவர். ஆனால் அம்மறைவு வாங்கியவன் உள்ளத்தை அறியாது. காப்பவனுக்கும் கொல்பவனுக்கும் ஒன்றேபோல் உதவிற்று. முத்திரையைக் காக்கச் சட்டம் வழி கண்டது; அம்முத்திரை பொறித்த கருவி யார் கைக்குச் செல்லும் என்பதைக் காக்கும் வழியோ அன்று எவரிடமும் இருக்கவில்லை.