பணிப்பெண் கவிதை எழுத ஓய்வு நாள் ஏன் முக்கியம்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா பக்கம் போனால் நடக்கவே இடம் இருக்காது. கவனித்துப் பாருங்கள், அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டு, பங்களாதேஷ் ஊழியர்கள்.

அப்போ பெண்கள் எங்கே? சிங்கப்பூரில் 250,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். ஓய்வு நாளில் இந்தோனேசியர்கள் பாய லேபார் சிட்டி பிளாசாவிலும், பிலிப்பீன்ஸ் பெண்கள் லக்கி பிளாசாவிலும் கூடுவார்கள். வெளியே வர முடிந்தவர்கள்தான் நம் கண்ணில் படுகிறார்கள்.

வெளியே வர முடிகிறதா இல்லையா என்பதில்தான் இவர்களின் எழுத்தும் கலையும் தொடங்குகின்றன.

எப்படித் தொடங்கியது?

லிட்டில் இந்தியாவின் ரோவல் ரோட்டில் 2011இல் 'திபாஷ்ரம்' என்ற இடம் உருவானது. பங்ளா மொழிப் பத்திரிகையான 'பங்ளார் கொந்தோ'வின் ஆசிரியர் ஏ.கே.எம். மொஹ்சின் தொடங்கியது. வேலை முடிந்து வரும் ஊழியர்கள் அங்கே பாடுவார்கள், கவிதை வாசிப்பார்கள். பக்கத்துக் கஃப் ரோட்டில் டிடபிள்யூசி2 அமைப்பு, காயம்பட்டு அல்லது சம்பளம் வராமல் தவிக்கும் ஊழியர்களுக்கு 2008 முதல் இலவசச் சாப்பாடு கொடுத்துவந்தது. சாப்பாடும் கவிதையும் சில தெருக்கள் தள்ளித்தான்.

2014இல் எழுத்தாளர் ஷிவாஜி தாஸ் முன்னெடுத்த வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி, பங்ளா மொழியில் ஆரம்பித்தது. பிறகு தமிழ் உட்பட மற்ற மொழிகளுக்கும் விரிந்தது. மொழிகள் கூடியதும் பெண்களும் வந்தார்கள். 2017இல் முதல் பரிசு இந்தோனேசியப் பணிப்பெண் டெனி அப்ரியானிக்கு. குடும்ப வன்முறையைப் பற்றிய கவிதை அது.

2018இல் ஹோம் அமைப்பு, 20க்கும் மேற்பட்ட பணிப்பெண்கள் தாங்களே எழுதிய வாழ்க்கைக் கதைகளை ஆங்கிலத்தில் புத்தகமாகப் போட்டது. கொடுமைக் கதைகள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல முதலாளிகள், ஊரில் விட்டுவந்த பிள்ளைகள் எல்லாரும் அதில் வருகிறார்கள். அதே ஆண்டில் வந்த 'கால் அண்ட் ரெஸ்பான்ஸ்' தொகுப்பின் அமைப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது: வெளிநாட்டு ஊழியர் ஒருவர் கவிதை எழுதுவார், உள்ளூர்க் கவிஞர் ஒருவர் அதற்குக் கவிதையாலேயே பதில் சொல்வார். அனுதாபம் காட்டுவதைவிட இது மேல்.

ஓய்வு நாள் பற்றி சட்டம் என்ன சொல்கிறது?

நம்மில் பலருக்குப் பொருந்தும் வேலை நியமனச் சட்டம் இல்லப் பணிப்பெண்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டமும் வேலை அனுமதி விதிகளும்தான்.

2013 ஜனவரி 1க்குப் பிறகு அனுமதி பெற்றவர்களுக்கும் புதுப்பித்தவர்களுக்கும் வாரம் ஒரு ஓய்வு நாள் உண்டு. ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் லீவுக்குப் பதில் காசு கொடுக்கலாம். கடனை அடைக்க வேண்டிய பெண் காசைத்தான் கேட்பார். முதலாளி வீட்டிலேயே தங்கியிருப்பவர் 'வேண்டாம்' என்று சொல்வதும் எளிதல்ல. அதனால் 2023 ஜனவரி 1 முதல் ஒரு மாற்றம்: மாதத்தில் குறைந்தது ஒரு ஓய்வு நாளைக் காசாக மாற்றவே முடியாது. மற்றவற்றை இன்னமும் மாற்றலாம்.

அப்படிப் பார்த்தால், சிலருக்கு ஒரு பயிலரங்குக்கோ ஒத்திகைக்கோ மாதத்தில் ஒரே நாள்தான். மற்ற நாள்களில் எழுதுவது எல்லாரும் தூங்கிய பிறகு, கைபேசியில்.

எழுதுவதில் ஆபத்து உண்டா?

2014, 2015 இரு ஆண்டும் கவிதைப் போட்டியில் வென்றவர் பங்களாதேஷைச் சேர்ந்த ஜாகிர் ஹொசைன் கோகன். அவருடைய வேலை அனுமதி 2022இல் புதுப்பிக்கப்படவில்லை. ஜாலான் துக்காங் தங்கும் விடுதி ஒன்றைப் பற்றி அவர் ஃபேஸ்புக்கில் எழுதியது தவறான தகவல், வேண்டுமென்றே தூண்டிவிடும் பதிவு என்றது மனிதவள அமைச்சு. 19 ஆண்டு இங்கே வேலை பார்த்தவர் ஊர் திரும்பினார். வேலையும் தங்குவதற்கான உரிமையும் ஒரே அட்டையில் இருப்பதை எழுதுகிற எல்லாருமே அறிவார்கள், பெண்களும்தான்.

அகதிகள் விஷயத்தில்?

சிங்கப்பூர் 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. வியட்னாமியப் படகு அகதிகளுக்காக 1978இல் திறந்த ஹாக்கின்ஸ் ரோடு முகாமும் 1996இல் மூடப்பட்டது. ஆகவே இத்தகைய முயற்சிகள் இங்கே அநேகமாக வேலை அனுமதியில் வந்தவர்களையே சுற்றி நடக்கின்றன.

தமிழ்ப் பெண்கள்?

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பணிப்பெண்கள் வருகிறார்கள். பலர் தமிழ் பேசும் வீடுகளில் வேலை செய்கிறார்கள். மொழிப் பிரச்சினை இல்லை, கோவிலுக்குக் கூட்டிப்போவார்கள், 'அக்கா' என்று கூப்பிடுவார்கள். ஆனால் சிட்டி பிளாசா போல இவர்களுக்கென்று ஒரு கூடுமிடம் கிடையாது. எண்ணிக்கை குறைவு என்பது ஒரு காரணம். குடும்பத்தோடு போய்வரும் கோவில் பயணமே 'லீவு' ஆகிவிடுவது இன்னொன்று. அது ஓய்வு நாள் கணக்கில் சேராது.