வெளிவராத பாட்டும் சான்றே: சொல்லிசைக் குழுக்களின் அரும்பதிவுத் தொகுப்புகளும் சம்பூரும்

சொல்லிசைக் (ராப்) குழுவொன்று தன் அரும்பதிவுகளையும் வெளிவராத பாடல்களையும் திரட்டி வெளியிட்டால், அதனைத் தீவிர இரசிகருக்கான மிச்சசொச்சம் என்று ஒதுக்குவதே விமர்சன வழக்கம். இக்கட்டுரை அவ்வழக்கை மறுக்கிறது. ஒரு பாடலை வெளிவராமல் தடுத்தது எது என்று கேட்டால், அது பிறந்த சூழலின் சட்டமும் பணமும் அரசியலும் விடையாகக் கிடைக்கின்றன. ஆகவே அத்தகைய தொகுப்பை வரலாற்று மூலமாகக் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் பீஸ்டி பாய்ஸ் குழு 1982, 1983ஆம் ஆண்டுகளின் சிறுவெளியீடுகளை 1994இல் ஒரே தொகுப்பாக்கியது. பங்க் இசையில் தொடங்கியவர்கள் சொல்லிசைக்கு வந்து சேர்ந்த தடத்தை அதில் நேரடியாகக் கேட்கலாம். அதே நாட்டின் டி லா சோல் குழுவுக்கு நேர்ந்தது வேறு. பிறர் இசைத்துணுக்குகளால் நெய்யப்பட்ட அவர்களது 1989ஆம் ஆண்டு முதல் இசைத்தொகுப்பு, உரிமைச் சிக்கலால் 2023 மார்ச்வரை இணைய இசைத்தளங்களுக்கு வரவில்லை. ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த மாயா அருள்பிரகாசம் (எம்.ஐ.ஏ.), 2005இல் வெளியான ‘அருளர்’ தொகுப்புக்கு முன்பே, 2004இல் இசைத்தயாரிப்பாளர் டிப்லோவுடன் சேர்ந்து கலவைத் தொகுப்பொன்றை அதிகாரபூர்வமற்ற முறையில் புழக்கத்தில் விட்டார். கடை அடுக்கில் அதற்கு இடமில்லை. ஆனால் அவரது இசை பரவிய விதத்தை எழுத முனைபவர் அதைத் தாண்டிச் செல்ல முடியாது.

தமிழ்ச் சொல்லிசைக்கும் இதே நிலைதான். மலேசியாவின் பொயட்டிக் அம்மோ குழு 1998இல் தமிழையும் உள்ளடக்கிய பன்மொழித் தொகுப்பை வெளியிட்டது. அக்குழுவிலிருந்து வந்த யோகி பி, நட்சத்திரா குழுவுடன் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பைத் தந்தார். அதன் புகழ்பெற்ற பாடல், ‘நிழல்கள்’ (1980) படத்துக்காக இளையராஜா அமைத்த மெட்டின்மேல் எழுந்தது. திரையிசையை இவ்வாறு அடித்தளமாகக் கொள்ளும் கலையில், உரிமை கிடைக்காத முயற்சிகள் பாடியவரின் கணினியிலேயே தங்கிவிடுவது இயல்பு.

ஒரு பாடலை வெளிவராமல் தடுத்தது எது என்ற கேள்வி, இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கூர்மை பெறுகிறது. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள இவ்வூர் உள்நாட்டுப் போரின்போது 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு உள்ளானது. செப்டெம்பர் 4இல் அரச படைகளின் வசமானது. 2007இல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியது. வாகரை, மட்டக்களப்பு, பின்னர் கிளிவெட்டி முகாம் என்று அலைந்த மக்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் படிப்படியாகத் தம் காணிகளுக்குத் திரும்பினர். உயிரையும் பிள்ளைகளையும் காத்துக்கொண்டு ஓடுபவர் கசெட்டுப் பெட்டியைத் தூக்கிச் செல்வதில்லை. பாடல்களைப் பூட்டிவைக்கும் நிறுவனப் பெட்டகம் அமெரிக்கக் குழுக்களுக்கு இருந்தது. இடம்பெயர்ந்த ஊருக்கோ வீட்டு அலுமாரியே பெட்டகம். வீடு போனால் அதுவும் போயிற்று.

தப்பிய பதிவையும் சரியாகக் கையாள வேண்டும். கடற்கரை ஈரப்பதத்தில் ஒலிநாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். அதை அப்படியே ஓடவிட்டால் நாடாவும் கருவியும் கெடும். கைத்தொலைபேசியிலிருந்து கைத்தொலைபேசிக்கு மாறிய கோப்பில் பெயரும் திகதியும் மாறியிருக்கலாம். பதிவான நாளென்று அத்திகதியை நம்பக்கூடாது. பாடியவர், தாளம் அமைத்தவர், அடியிலுள்ள திரைமெட்டு, பதிவான இடம், வெளியிடாமைக்கான காரணம் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு பதிவுடனும் எழுதிவைக்க வேண்டும். தொடக்கத் தடுமாற்றத்தையும் இடைப்பேச்சையும் வெட்டக்கூடாது. பாடியவரின் வயதும் ஊர்ப்பேச்சும் அங்கேதான் வெளிப்படுகின்றன.

கலைஞர் வேண்டாமென்று ஒதுக்கியதை வெளிக்கொணர்வது அத்துமீறல் என்ற ஆட்சேபம் நியாயமானது. போர்க்காலப் பாடலொன்று பாடியவருக்கு இன்றும் ஆபத்தை வரவழைக்கலாம். இதற்கு விடை, பாதுகாப்பதையும் வெளியிடுவதையும் வெவ்வேறாகக் கொள்வதே. பதிவு பெட்டகத்தில் இருக்கட்டும். திறக்கும் காலத்தைப் பாடியவரே குறிக்கட்டும். அவர் மறுத்தால் அம்மறுப்பே இறுதியானது.

நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்தி வருகிறது; ஒலிப்பதிவுகளுக்கும் அதன் ஆவணகத்தில் இடமுண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இப்பணியைக் கூத்துக்கும் நாட்டார் பாடலுக்கும் மட்டும் உரியதாக்காமல், இளைஞரின் சொல்லிசைக்கும் விரிக்க வேண்டும். சம்பூரிலும் அருகிலுள்ள மூதூரிலும் பழைய கைத்தொலைபேசியையோ கசெட்டையோ வைத்திருப்போர் அவற்றை வீசிவிடாமல், ஒரு பிரதியாவது எடுத்துவைக்க வேண்டுமென்று இக்கட்டுரை வேண்டுகிறது.