காகிதத்தின் அமிலமும் நம் பழைய இடாப்புகளும்

நூற்றாண்டு காணும் பாடசாலைக்குச் சேர்வு இடாப்பும் சம்பவத் திரட்டுப் புத்தகமுமே மூல ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குப் பிறந்த திகதியைச் சொல்ல அந்த இடாப்பே சாட்சியானதுண்டு. நம் பாடசாலையின் பழைய இடாப்புகள் இன்று ஓரம் பழுத்து, மடிப்பில் உதிர்கின்றன.

காரணம் காகிதத்துக்குள்ளேயே இருக்கிறது. மை ஊறாதிருக்கக் குங்கிலியமும் படிகாரமும் சேர்க்கும் முறையை 1807இல் ஜேர்மனியரான மோரிட்ஸ் இல்லிக் வெளியிட்டார். பின்னர் மரக்கூழ் வந்தது. இவற்றிலிருந்து ஈரத்தில் பிறக்கும் அமிலம் செலுலோசு இழைகளைத் துண்டிக்கிறது. பேராதனையின் ஈரக்காற்று அதை விரைவாக்கும்.

1940களில் அமெரிக்கரான வில்லியம் பரோ, தாள்களை முதலில் கல்சியம் ஐதரொட்சைட்டுக் கரைசலிலும் பின்னர் கல்சியம் இருகாபனேற்றுக் கரைசலிலும் தோய்த்தார். அமிலம் நடுநிலையானதோடு, தாளில் தங்கிய கல்சியம் காபனேற்று பின்னர் உருவாகும் அமிலத்தையும் தடுத்தது. அடுத்து மகனீசியம் இருகாபனேற்று வந்தது. நெஞ்செரிவுக்கு வைத்தியர்கள் கொடுக்கும் மருந்துகளில் இருப்பவையும் கல்சியம், மகனீசியம் சேர்வைகளே.

புத்தகங்களைக் கட்டுப் பிரிக்காமல் மொத்தமாகக் காக்க, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஈரெதைல் நாக வாயுவைப் பரீட்சித்தது. காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருள் அது. பரிசோதனைக்கூடத்தில் தீ மூண்டது. 1990களில் அம்முறை கைவிடப்பட்டு, மகனீசியம் ஒட்சைட்டுத் துகள் முறை இடம்பிடித்தது.

பழைய கையெழுத்துகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. மாசிக்காயும் அன்னபேதியும் கலந்த மையில் அமிலத்தோடு இரும்பும் சேர்ந்து தாளை அரிக்கும். காரக் கரைசல் அம்மையின் நிறத்தையும் மாற்றலாம். நெதர்லாந்து ஆய்வாளர் 1990களில் இதற்குக் கல்சியம் பைற்றேற்றைப் பயன்படுத்தினர். உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாத, தவிட்டிலும் பருப்பிலும் உள்ள அதே பைற்றேற்று, மையின் இரும்பையும் பிடித்துக்கொள்கிறது.

எந்த மருந்தும் இழந்த வலுவைத் திருப்பித் தராது. மேலும் கெடுவதைத் தாமதப்படுத்தவே செய்யும். ஆகவே சங்கம் இவ்வாண்டே தொடங்கட்டும். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடிப்போம். துருவேறிய குண்டூசிகளை மெல்ல அகற்றி, ஒட்டுநாடாவைத் தவிர்த்து, அமிலமற்ற பெட்டிகளில் வைப்போம். துறை வல்லுநர் ஒருவர் மையைச் சோதித்த பின்னரே கரைசலில் தோய்ப்பதைப் பற்றி முடிவெடுப்போம். நமக்கு முன் இங்கு படித்த சகோதரிகளின் பெயர்கள் அடுத்த நூற்றாண்டு மலருக்கும் கிடைக்க வேண்டும்.