எல்லையும் காப்பகமும்: பாலியல் தொழிலாளர் நல வரலாறு

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதனையடுத்த பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகியன கேரளத்தில் அமைந்தன. எல்லைச் சிற்றூர்கள் இவ்வாறு இரு மாநிலங்களுக்கு உரியவையாயினும், அதே ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய ஒழுக்கக்கேடான வாணிபத் தடுப்புச் சட்டம் இருபுறத்துக்கும் பொதுவாயிற்று. அச்சட்டம் பாலியல் தொழிலைத் தன்னளவில் குற்றமாக்கவில்லை. எனினும் பொதுவிடத்தில் அழைத்தலைத் தண்டித்தது. பெண்களைக் காப்பகத்தில் வைக்கவும் வழிவகுத்தது.

இதன் விளைவு 1986இல் சென்னையில் புலனாயிற்று. சுனிதி சாலமன் வழிகாட்டலில் நிர்மலா மேற்கொண்ட ஆய்வில், இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று ஆறு பாலியல் தொழிலாளரிடம் கண்டறியப்பட்டது. குருதி அளித்தோருள் பலர் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தவரே. நோயறிவும் அடைத்துவைத்தலும் ஓரிடத்தே நிகழ்ந்தன.

2022 மே 19இல் உச்சநீதிமன்றம், விருப்பமின்றிக் காப்பகங்களில் வைக்கப்பட்ட வயதுவந்த பெண்களின் நிலையை ஆராய்ந்து விடுவிக்க மாநிலங்களைப் பணித்தது. காவல் நலமாகாது என்பதைச் சட்டம் ஏற்க 66 ஆண்டுகள் தேவைப்பட்டன எனலாம்.