இளவயதினரின் பெருங்குடற் புற்றுநோய்

பெருங்குடலின் உட்சுவரில் 'பொலிப்' எனப்படும் சிறு சதைமுளையாகப் பெரும்பாலும் தொடங்கிப் பல ஆண்டுகளில் முற்றும் இந்நோய், 50 வயதுக்குட்பட்டோரிடம் பல நாடுகளில் பெருகிவருவதால், அமெரிக்க வல்லுநர் குழுவொன்று பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் 45ஆகக் குறைத்தது. உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகைத்தல், மது, நார்ச்சத்துக் குறைவு ஆகியன இடரைக் கூட்டுவன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணியாகவும், மாட்டிறைச்சி முதலிய செவ்விறைச்சியைப் பெரும்பாலும் அவ்வாறாகக் கூடியதாகவும் வகைப்படுத்தியது. மதுவை இஸ்லாம் மார்க்கம் விலக்கியிருப்பதால், இலங்கையின் கிழக்கில் முஸ்லிம்கள் செறிந்து வாழும் கல்முனை, சாய்ந்தமருது போன்ற கரையோர ஊர்களில் கருத்தூன்ற வேண்டியவை, தவிடு நீக்கிய அரிசிச் சோறும் விருந்துகளின் மாட்டிறைச்சியும் இரவுக் கடைக் கொத்துரொட்டியும் இனிப்புப் பானங்களுமே; பதப்படுத்தாத இறைச்சியை அளவோடு உண்ண அஞ்சத் தேவையில்லை. இந்நோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய, மலத்தோடு இரத்தம் போவதை வெறும் மூலவியாதி என்றெண்ணி, வெட்கத்தால் மறைப்பதே பெருந்தீங்கு. கமரா பொருத்திய குழாயால் குடலை நோக்கும் கொலனொஸ்கோப்பிப் பரிசோதனையின்போதே பொலிப்பை அகற்றிவிடவும் முடியும்.